ஆர்வம் இல்லை

காலை ஒன்பது மணிக்குக் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் அய்யலுசாமி செய்கிற முதல் வேலை, மதிப்பியின் கண்ணாடித் தட்டை ஈரத்துணியால் துடைப்பது. சாமி படத்துக்குப் பூ வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தட்டில் பிசுக்கு இருந்தால் வாடிக்கையாளரின் உள்ளங்கை சரியாகப் பதியாது. உள்ளங்கை பதியாவிட்டால் நிலைப்புள்ளி வராது. நிலைப்புள்ளி வராமல் ஒரு பூப்பந்தைக்கூட விற்கக் கூடாது என்பது சட்டம். கோவில்பட்டி மெயின் ரோட்டில் முப்பத்திரண்டு வருடமாக விளையாட்டுச் சாமான் விற்கிற மனுஷன், இப்போது விற்கலாமா வேண்டாமா என்று ஒரு கண்ணாடித் துண்டிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார். காலம்!

அன்றைக்குப் போணி செய்தவர் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் வைத்திருக்கும் ஒரு முதலாளி. கூடவே பதினாலு வயது மகன். பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே தட்டில் கையை வைத்தான். மதிப்பி ஒரு நொடி யோசித்தது. பச்சை விளக்கு. எண்பத்தெட்டு.

"போன வருஷம் வாங்கின டென்னிஸ் மட்டை என்னாச்சு தம்பி?" என்று கேட்டார் அய்யலுசாமி.

"அதுவா? பரண்ல கிடக்கு."

"அதுக்கு முந்தின வருஷம் வாங்கினது?"

"அதுவும் பரண்லதான் அண்ணாச்சி," என்று அப்பா சிரித்தார். "பய எதையும் ஒரு மாசத்துக்கு மேல தொடமாட்டான். ஆனா புள்ளி மட்டும் எண்பதுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. எங்க வம்ச ராசி!"

அய்யலுசாமியும் சிரித்துவைத்தார். மூன்றாவது டென்னிஸ் மட்டையின் பிடிக்குள் இருந்த சில்லு அந்தப் பையனின் கையோடு பிணைக்கப்பட்டது. இனி அதை வேறு யாராவது பிடித்தால் கீச்சென்று கத்தும். பையன் அதைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறினான்.

வீண்பொருள் தடைச் சட்டம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. கார்பன் மட்டைகளும் ரப்பர் காலணிகளும் மக்காமல் ஊர் எல்லைகளில் மலைமலையாகக் குவிந்து, நிலத்தடி நீரில் விஷம் இறங்கிய பிறகு வந்த சட்டம். வாங்கி மூலையில் போடப் போகிறவனுக்குப் பொருள் எதற்கு? நியாயமான கேள்விதான். ஒரு ஆள் ஒரு காரியத்தில் எத்தனை நாள் நிலைத்து நிற்பான் என்று கணிக்க நிலைப்பு வாரியம் மதிப்பியைக் கொண்டுவந்தது. நூற்றுக்கு நாற்பது புள்ளி இருந்தால் நல்ல மட்டை. இல்லாவிட்டால் மக்கிப் போகும் பொம்மை மட்டை. முதலில் விளையாட்டுச் சாமான், அப்புறம் ஆர்மோனியம், வயலின், அப்புறம் படிப்பு. பாலிடெக்னிக் பட்டறையில் இடம் வேண்டுமானால் இருபத்தைந்து புள்ளி வேண்டும். இப்போது கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு புள்ளியையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

இந்த விஷயத்தில் அய்யலுசாமிக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. ரகசியம் என்ன ரகசியம், கல்லாவுக்கு மேலேயே பித்தளைத் தகடு தொங்குகிறது: 'விதைத் தரவு தந்த கடை.' அவர் கடை போட்ட காலத்தில் எல்லோரிடமும் கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் மற்றவர்கள் விற்றதோடு மறந்துபோவார்கள். இவர் விற்ற பொருளை விடாமல் பின்தொடர்ந்தார். பழைய மட்டையைக் கொண்டுவந்தால் பாதி விலைக்குத் திரும்ப எடுத்து, புதுப் பிடி சுற்றி, இன்னொரு பிள்ளைக்கு விற்பார். எந்த மட்டை எந்தத் தெருவுக்குப் போனது, எத்தனை மாதத்தில் திரும்பி வந்தது, ஏன் வந்தது என்று பதினாலு வருடத்துக்கு ஒரு வரி விடாமல் அவருடைய கம்ப்யூட்டர் கடைநிரலில் இருந்தது. வாரியத்தார் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். நாடெங்கும் தேடியும் இப்படி ஒரு டேட்டா கிடைக்கவில்லையாம். மதிப்பிக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது அந்த வரிகள்தான். ஊருக்கே உபகாரம் செய்ததாக அய்யலுசாமி நினைத்துக்கொண்டிருந்தார். பாவம்.

அன்று பதினொரு மணி வாக்கில் சண்முகத்தாய் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் காலனிக்காரி. ஆபீஸ் எல்லாம் மூடிப் பல வருடம் ஆகியும் காலனிக்குப் பேர் மட்டும் மாறவில்லை. இப்போது அவளுக்கு ஊருக்கு வெளியே சூரியத் தகடுகளைத் துடைக்கிற வேலை. பக்கத்தில் அவள் மகள் செவ்வந்தி, பதின்மூன்று வயது, நிற்கிற இடத்தில் நிற்க மாட்டாமல் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, பாப்பாவுக்கு ஒரு ஹாக்கி மட்டை. வெள்ளிக்கிழமை விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்காங்க. இவ்வளவு நாளும் பள்ளிக்கூடத்து மட்டையில ஆடிட்டிருந்தா. அங்க சொந்தப் பேர்ல பதிஞ்ச மட்டை இல்லாம கிரவுண்டுக்குள்ளயே விடமாட்டாங்களாம்."

"எந்த எடத்துல ஆடுற பாப்பா?"

"லெப்ட் ஹாஃப்," என்றாள் செவ்வந்தி.

"அடி சக்கை! உங்கம்மாவும் லெப்ட் ஹாஃப்தானே!"

சண்முகத்தாய்க்கு வெட்கம் வந்துவிட்டது. "அதெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிருக்கிய?" என்றாள்.

மறக்குமா? பதினாலு வயதில் மைதானத்தின் இடது ஓரத்தில் அவள் நின்றால் எதிரணிக்காரிகள் பந்தை வலது பக்கமாகக் கொண்டுபோவார்கள். அய்யலுசாமி சுவரிலிருந்து முப்பத்தாறரை அங்குல மட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். செவ்வந்தி வாங்கிய விதத்திலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று. இடது கை மேலே, வலது கை பாதியில், முழங்கால் தானாக மடிந்தது. தரையில் கிடந்த ஒரு டென்னிஸ் பந்து, யாரும் சொல்லாமலேயே அவள் மட்டை நுனிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

"கையை வை தாயி," என்று தட்டைக் காட்டினார். உள்ளங்கையைத் திருப்பியபோது விரல்களின் அடியில் காய்ப்பு தெரிந்தது. நாலு இடத்தில் சுண்டைக்காய் மாதிரி. இந்தக் கைக்கு எழுபதுக்குக் குறையாது என்று நினைத்தார்.

சிவப்பு விளக்கு. முப்பத்தொன்று.

செவ்வந்தி கையைத் தாவணியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். முப்பத்தொன்று. வகை: ஆர்வக் குறைவு.

"எனக்கா?" என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுறேன். எனக்கா ஆர்வம் கொறவு?"

"மிஷினுக்கு என்னமோ கோளாறு," என்றார் அய்யலுசாமி. சட்டப்படி யார் வேண்டுமானாலும் காரணம் கேட்கலாம். திரையின் ஓரத்தில் இருந்த 'காரணக் கோரிக்கை'யை அழுத்தினார். இத்தனை வருடத்தில் அவர் அதை அழுத்துவது அதுதான் முதல் தடவை. அழுத்த வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

திரையில் வரிகள் விழுந்தன. இந்தத் தெரு, இந்த வருமானம், இந்தத் தாய்வழி. இவளைப் போன்ற முன்னோடிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் மட்டையைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருநூற்று எண்பத்து நாலு. காரணம்: ஆர்வம் இல்லை, ஆர்வம் இல்லை, ஆர்வம் இல்லை. விதைத் தரவு: அய்யலுசாமி விளையாட்டுப் பொருளகம், கோவில்பட்டி.

அய்யலுசாமி தன் கடைப் பேரை இரண்டு தடவை படித்தார்.

அந்த வரிகளை எழுதியது அவர் கை. கடைநிரலில் பொருளைத் திரும்ப எடுக்கும்போது காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. திரையோ வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். தீப்பெட்டி ஆபீஸ்கள் வரிசையாக மூடிய அந்த ஒரு வருடத்தில் மட்டும் அறுபது மட்டை திரும்பி வந்தது. மட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பன்மார் வருவார்கள். கடையில் நாலு பேர் நிற்பார்கள். வீட்டில் அரிசி இல்லை என்று எவன் சொல்வான்? அவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே அய்யலுசாமி முந்திக்கொள்வார்: "என்ன, பிள்ளைக்கு ஆர்வம் விட்டுப்போச்சா? இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்!" அந்த ஆளும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஆமா அண்ணாச்சி, ஆர்வமே இல்லை," என்று சிரிப்பான். கட்டத்தில் அதுவே ஏறும். மரியாதைக்குச் சொன்ன பொய். காசா, பணமா? அப்போது அப்படித்தான் நினைத்தார்.

வசதிக்காரன் மட்டையைத் திருப்பிக் கொடுக்கவே வரமாட்டான், பரணில் போடுவான். பரணில் கிடப்பது எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஆகவே மதிப்பியைப் பொறுத்தவரை அவன் பிள்ளை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான். எண்பத்தெட்டு!

சண்முகத்தாய் திரையை விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். அவளுடைய பேர். பதினான்கு வயது. ஒன்பது மாதத்தில் திரும்பியது. ஆர்வம் இல்லை.

"அன்னைக்கு எங்கய்யா கூட நானும் வந்திருந்தேன் அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "வாசல்லயே நின்னேன். நீங்க 'பிள்ளைக்கு ஆர்வம் விட்டுப்போச்சா'ன்னு கேட்டதும் எங்கய்யா மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. அந்த மாசம் முழுக்க அவரு சிரிச்சது அது ஒண்ணுதான். அவரு மானத்தைக் காப்பாத்துனீங்கன்னு நான் உங்களைக் கும்பிடாத நாள் இல்லை."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட அய்யலுசாமி தாங்கியிருப்பார்.

"நான் மாத்துறேன்," என்றார். "நான் எழுதினது. நானே மாத்துறேன். வியாழக்கிழமை வா தாயி. மட்டை உனக்குத்தான்."

அவர்கள் போனதும் வாரியத்தைக் கூப்பிட்டார். தரவு அலுவலர் ஜெபசெல்வி திரையில் வந்தாள். சின்ன வயது, அதிர்ந்து பேசாத பெண். அவர் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"விதைத் தரவு தந்தவங்க திருத்தலாம் சார். ஆனா ஒரே ஒரு தடவைதான். முன்னால எழுதினது பொய்னு உறுதிமொழி தரணும். அந்தத் தகடைத் திருப்பி வாங்கிடுவாங்க. திருத்தம் ஆனவங்க எல்லாருக்கும் தகவல் போகும். பரவாயில்லையா?"

"தகடைக் கொண்டுபோய் ஆக்கர் கடையில பழைய இரும்போட போடுங்க மேடம். உண்மையை எழுதினா அந்தப் பிள்ளைக்குப் புள்ளி ஏறுமா?"

"உண்மையை எழுதினா கணிப்பு இன்னும் சரியா வரும் சார்," என்றாள் ஜெபசெல்வி. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அய்யலுசாமியும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு பகல் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக எடுத்தார். பெரியசாமி மகன்: ஆர்வம் இல்லை. இல்லை, தீப்பெட்டி மருந்துக் கலவை தீப்பிடித்து அப்பனுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. இருதயமேரி: ஆர்வம் இல்லை. அம்மா பிரசவத்தில் போய்ச் சேர்ந்து, பத்து வயதில் இவள் அடுப்படிக்குப் போனாள். திருப்பிக் கொடுத்த மட்டையை அடுத்த வாரம் வந்து சும்மா ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுப் போன பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் ஆர்வம் இல்லை. அய்யலுசாமி எதையும் மறந்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் அழித்து அழித்து 'வறுமை' என்று எழுதினார். எழுத எழுத நெஞ்சிலிருந்து பாரம் இறங்குவதுபோல் இருந்தது. கடைசியாகச் சண்முகத்தாயின் வரி. அதிலும் அதையே எழுதி, மதிப்பியின் தட்டில் தன் கையை வைத்து உறுதிசெய்தார்.

தகவல் போன அன்றே போன் வர ஆரம்பித்தது. தூத்துக்குடியில் பெரிய ஒப்பந்தக்காரராக இருக்கும் ஒருவர் கத்தினார்: "யோவ், எங்கய்யா செத்து இருவது வருஷமாச்சு. இப்பப் போய் அவரு சோத்துக்குச் சிங்கியடிச்சாருன்னு எழுதியிருக்கீரே, நீரெல்லாம் மனுஷனா? எம்மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டிருக்கேன்யா!" அய்யலுசாமி மன்னிப்புக் கேட்டார். ஒரு பிள்ளைக்காக நாலு வசவு வாங்கினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். செவ்வந்தி பள்ளி அணியின் பனியனையே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அய்யலுசாமி தட்டைத் துடைத்தார். மட்டையை எடுத்து மேசைமேல் தயாராக வைத்தார். அவள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தட்டில் வைத்தாள்.

சிவப்பு விளக்கு. பத்தொன்பது.

"பன்னெண்டு கொறஞ்சிருக்கு," என்றாள் செவ்வந்தி. கணக்கில் கெட்டிக்காரி.

அய்யலுசாமி ஜெபசெல்வியைக் கூப்பிட்டார். "என்னம்மா இது? உண்மையைத்தானே எழுதினேன்? அந்தப் பிள்ளைங்க யாருக்கும் ஆசை விட்டுப் போகலைன்னுதானே எழுதினேன்?"

"சார், ஏன் விட்டாங்கன்னு மதிப்பிக்குக் கவலை இல்லை. விடுவாங்களா மாட்டாங்களான்னுதான் பாக்கும்," என்றாள் அவள், தணிந்த குரலில். "ஆர்வம் இல்லைன்னா, ஒருவேளை ஆர்வம் வரலாம்னு அதுல ஒரு சின்ன இடம் விட்டு வச்சிருந்துச்சு. ஆர்வம் வரும், போகும். இப்ப நீங்க வறுமைன்னு போட்டுட்டீங்க. அந்தத் தெருவுல வறுமை வந்துட்டுத் திரும்பிப் போனதா நம்ம தரவுல ஒரு வரிகூட இல்லை சார்."

"அப்ப எல்லாத்தையும் பழையபடி மாத்து."

"ஒரு தடவைதான்னு சொன்னேனே சார்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால்கூடச் சிரித்துக்கொண்டு போகலாம். இது குரங்குமில்லை. அய்யலுசாமி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அறுபத்து நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை முன்னால் அழக் கூடாது என்று மேலே பார்த்தார். தகடு தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"என் பேர்ல எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். கேட்கும்போதே தெரியும். மைதானத்தில் பிடித்ததும் கீச்சென்று கத்தும். நூறு பேர் பார்க்க அவளை வெளியே அனுப்புவார்கள்.

சண்முகத்தாய் அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். "பத்தொம்பதுன்னா பாலிடெக்னிக்குக்கும் போச்சா?" என்று ஜெபசெல்வியிடமே கேட்டாள்.

"ஆமாங்க. இருபத்தஞ்சு வேணும்." ஜெபசெல்வி தயங்கினாள். "ஒரு வழி இருக்கு. மட்டை வேணும்ங்கிற கோரிக்கையை இப்பவே விலக்கிக்கிட்டா, வறுமைங்கிறது இந்தப் பிள்ளை பேர்ல ஏறாது. பழைய முப்பத்தொண்ணு அப்படியே நிக்கும். ஆனா விலகுறதுக்குக் காரணம் சொல்லணும். பன்னெண்டு வயசுக்கு மேல ஆச்சுன்னா அவங்களே வாயால சொல்லணும்."

"என்ன காரணம்?"

ஜெபசெல்வி அய்யலுசாமியைப் பார்த்தாள். சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சண்முகத்தாய் அய்யலுசாமி பக்கம் திரும்பினாள். "பொய்னாலும் அது மரியாதையா இருந்துச்சு அண்ணாச்சி," என்றாள். "உங்களை யாரு உண்மையைச் சொல்லச் சொன்னது? ஆர்வம் இல்லைன்னே போட்டுருங்க."

"எம்மா," என்றாள் செவ்வந்தி. அவ்வளவுதான் சொன்னாள்.

"பட்டறையில வெல்டிங் படிச்சா பொழைச்சுக்கிடலாம்டி. மட்டையைப் பிடிச்சுட்டுப் பத்தொம்பதுல நின்னா என்னை மாதிரித் தகடு துடைக்கத்தான் வரணும். சொல்லு."

திரையில் ஒலிவாங்கியின் படம் வந்தது. செவ்வந்தி மட்டையை விடாமல் குனிந்தாள். "எனக்கு ஹாக்கியில ஆர்வம் இல்லை."

குரல் தெளிவாக இல்லை, மறுபடியும் சொல்லவும் என்றது மதிப்பி.

"எனக்கு ஹாக்கியில ஆர்வம் இல்லை." இந்தத் தடவை சத்தமாகத்தான் சொன்னாள்; பாதியில் குரல் உடைந்தது.

கூற்றின் நம்பகத்தன்மை குறைவு, இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ளது என்றது.

அய்யலுசாமிக்கு அந்தக் கண்ணாடியை உடைத்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. உடைத்தால் இவளுக்குப் பத்தொன்பதுதான் நிற்கும். சும்மா உட்கார்ந்திருந்தார்.

சண்முகத்தாய் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். முகத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "இப்படிச் சொன்னா நம்பாது. எங்கய்யா சொன்னாரு பாரு, அப்படிச் சொல்லணும். சிரிச்சுக்கிட்டே சொல்லணும். ஒண்ணுமே இல்லாத விஷயம் மாதிரி."

தானே ஒரு தடவை சிரித்துக் காட்டினாள். அய்யலுசாமி அந்தச் சிரிப்பை இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், இதே மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறார்.

செவ்வந்தி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். எந்த ஆட்டத்தையும் ஒரு தடவை பார்த்தால் பிடித்துக்கொள்கிற பிள்ளை அவள். பல்வரிசை தெரியச் சிரித்தாள்.

"ஆமா, எனக்கு ஹாக்கியில ஆர்வமே இல்லை!"

பச்சை விளக்கு எரிந்தது. கூற்று ஏற்கப்பட்டது. தங்கள் முடிவு கணிப்போடு பொருந்துகிறது. நன்றி.

மட்டையிலிருந்து அவள் விரல்களை விடுவிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அதை மேசைமேல் சத்தம் வராமல் வைத்துவிட்டு அம்மாவுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள். சண்முகத்தாய் போகும்போது, "வாரேன் அண்ணாச்சி," என்று எப்போதும்போலச் சொன்னாள்.

ஜெபசெல்வி திரையில் இன்னும் இருந்தாள். பிறகு அவளும் அணைந்துபோனாள்.

மட்டையின் பிடியில் செவ்வந்தியின் கை வேர்வை ஈரமாக இருந்தது. அடுத்த ஆளுக்குக் காட்டும் முன் பிடியைத் துடைத்துவைக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் வழக்கம், அய்யலுசாமியே ஏற்படுத்தியது. காலையில் கண்ணாடியைத் துடைத்த அதே துணியை எடுத்தார். துடைத்தார். மட்டையைச் சுவரில் அதன் இடத்தில் மாட்டினார்.